நாவல் வகுப்பில் திரைக்கு என்ன வேலை?

கேள்வி இதுதான்: ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு முழு நாவலை நடத்த வேண்டும். வகுப்பில் ஒரு ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு டேப்லெட்டுகளைப் பங்கிட்டுப் பயன்படுத்தலாம், பலருக்கு வீட்டில் போன் உண்டு. ஆனால் பிள்ளைகள் நாவலைப் படிப்பதில்லை, இணையத்தில் கதைச்சுருக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்தக் கருவிகளால் அவர்களை நாவலுக்குள் கொண்டுவர முடியுமா? எந்த ஆப் நல்லது?

எந்த ஆப் என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். நாவல் வாசிப்பு எங்கே அறுந்துபோகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுகதை ஒரே மூச்சில் முடிந்துவிடும். நாவலோ மூன்று வாரம், நான்கு வாரம் கூடவே வரும். முதல் முப்பது நாற்பது பக்கத்தில் யார் யார் என்று பிடிபடுவதற்குள் சலிப்பு வந்துவிடுகிறது. அதைத் தாண்டினால், நடுவில் நான்கு நாள் புத்தகத்தைத் தொடாமல் விட்டதில் பாதி மறந்துபோகிறது. அதையும் தாண்டுகிறவர்களுக்கு, படித்ததைப் பற்றிப் பேச ஆள் இல்லை. முன்பெல்லாம் பத்திரிகைத் தொடர்கதையை ஊரே ஒரே வாரத்தில் படித்தது. அடுத்த இதழ் வரும்வரை அதைப் பற்றிப் பேச்சும் சண்டையும் ஓடும். 19-ஆம் நூற்றாண்டின் பெரிய நாவல்களில் பலவும் இதழ்களில் தொடராகவோ மாதப் பகுதிகளாகவோதான் வெளிவந்தன. புத்தகமாகக் கையில் வந்தபோது அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. திரைக்கும் போனுக்கும் நாவல் வகுப்பில் உருப்படியான வேலை இருக்கிறதென்றால், அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டுவதுதான்.

ஒரு கருவியை வகுப்புக்குள் விடும் முன் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த வேலையை முடிக்க மாணவர் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டுமா? திறக்காமலே முடித்துவிடலாம் என்றால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம். கதாபாத்திரத்துக்கு போஸ்டர் செய்வது, புது அட்டைப்படம் வரைவது, ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பைப் பத்து ஸ்லைடில் போடுவது எல்லாம் இங்கேயே அடிபட்டுப் போகும். சுருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அவற்றைச் செய்துவிட முடியும், செய்கிறார்கள்.

சரி, முதல் நாளிலிருந்து போகலாம். நாவலின் முதல் பக்கத்தை வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். அந்தப் பக்கத்தை போர்டில் பெரிதாகக் காட்டுங்கள். டாக்குமென்ட் கேமரா இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போனில் எடுத்த படம் போதும். சத்தமாக வாசித்துக்கொண்டே, உங்கள் மனதில் ஓடுவதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "யார் இந்த 'அவள்'? பெயரையே இன்னும் சொல்லவில்லையே." "கதவு பூட்டியிருந்தது என்பதை ஏன் இரண்டு தடவை சொல்கிறார்?" "இந்த வரி எனக்குப் புரியவில்லை, விட்டுவிட்டு மேலே போகிறேன்." போர்டில் அந்தந்த இடத்தில் கோடு போட்டுக் கேள்விக்குறி வையுங்கள். பழகிய வாசகருக்கும் முதல் பக்கத்தில் பாதி புரியாது. புரியாததைக் கையில் வைத்துக்கொண்டே மேலே போக அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு இது தெரியாது. புரியவில்லை என்றால் குறை தங்களிடம் என்று நினைத்து மூடிவைத்துவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை இது. நான் பார்த்தவரை, பிறகு வரும் எந்த ஆப்பையும்விட இதற்குப் பலன் அதிகம்.

கதாபாத்திரங்கள் நிறைய என்றால் உறவுப் படம் ஒன்றை நாளுக்கு நாள் போர்டில் வளர்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சேமித்து வைத்தால் அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்கலாம். நடுவில் விழுந்த நாட்களின் மறதிக்கு அது போதும். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் படத்தைக் காட்டவே கூடாது. யார் யாரைக் கட்டிக்கொள்கிறார், யார் சாகிறார் என்பதை அது முதல் நாளே சொல்லிவிடும்.

இனி முக்கியமான விஷயம், ஓரக்குறிப்பு. மின்னூலின் ஓரத்தில் பலர் சேர்ந்து குறிப்பெழுத உதவும் ஹைப்போதிசிஸ், பெரூசால் போன்ற தளங்கள் இருக்கின்றன. கூகுள் டாக்ஸிலும் கமென்ட் போடலாம். காப்புரிமை முடிந்த நாவல் என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் நூல்களையும், குட்டன்பர்க் திட்டம் 1971 முதல் ஆங்கிலமும் பிற மொழிகளுமாகப் பல நூல்களையும் இலவசமாகத் தருகின்றன. காப்புரிமை உள்ள நாவலை ஸ்கேன் செய்து ஏற்றுவது தவறு, அதற்குத் தேவையும் இல்லை. பகிரப்பட்ட ஒரு விரிதாள் போதும், கூகுள் ஷீட்ஸ் மாதிரி. அதில் ஐந்து நெடுவரிசைகள்: பக்க எண், அந்த வரியின் முதல் மூன்று சொற்கள், என் குறிப்பு, யார், பதில். அச்சுப் புத்தகத்தை ஒரு கையிலும் போனை மறு கையிலும் வைத்துக்கொண்டு எழுதலாம். போன் இல்லாத பிள்ளை நோட்டில் எழுதிவந்து பள்ளி டேப்லெட்டில் ஏற்றிவிடலாம்.

இதற்குச் சில விதிகள் வேண்டும், இல்லையென்றால் இரண்டே நாளில் குப்பையாகிவிடும். நாற்பது பேரை ஒரே தாளில் விடாதீர்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு தாள். ஓர் அத்தியாயத்துக்கு ஒருவர் மூன்று குறிப்பு, அதற்கு மேல் கட்டாயம் இல்லை. "அருமை", "சூப்பர்", இதய ஸ்மைலி எதுவும் குறிப்பில் சேராது. குறிப்பு ஒரு கேள்வியாக இருக்கலாம், அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகமாக இருக்கலாம், எரிச்சலாகவும் இருக்கலாம். எரிச்சலை நான் விரும்பி வரவேற்பேன். "இந்த அப்பா ஏன் இவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறார், எனக்குக் கடுப்பாக இருக்கிறது" என்று ஒரு பிள்ளை எழுதினால், அந்த அத்தியாயத்தின் மையத்தைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். முன்னால் ஓடிப் படித்தவர்கள் பின்னால் நடப்பதை உளறக்கூடாது. உளறினால் அன்றைக்கு அவருக்கு எழுத அனுமதி இல்லை, வாசிக்க மட்டும்தான். பிள்ளைகளே இந்த விதியைக் கறாராகக் காப்பாற்றுவார்கள்.

வகுப்புக்கு வரும் முன் அந்தத் தாள்களை ஓட்டமாகப் பாருங்கள். ஒரே வரியின் மேல் மூன்று பேர் மோதிக்கொண்ட இடம் எங்கே, யாருமே தொடாமல் கடந்துபோன பக்கம் எது என்று தேடுங்கள். அன்றைய பாடம் அங்கே கிடைத்துவிடும். நீங்கள் தயாரித்த பத்துக் கேள்வியைக் கொண்டுபோவதற்குப் பதிலாக, "86-ஆம் பக்கத்தில் நான்கு பேர் நின்றிருக்கிறீர்கள், 88-ல் ஒருவர்கூட நிற்கவில்லை, ஏன்?" என்று தொடங்குங்கள். வாசிக்காமல் வந்தவர்களும் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு நன்மை, வாய் திறக்காத பிள்ளைகளுக்கு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின, பேசாமல் இருந்தவர்களும் பேசினார்கள். நாவலைப் பற்றிய கேள்விக்கு மூன்று விநாடியும் போதாது. எழுத்தில் நடக்கும் உரையாடல் ஓர் இரவு முழுக்க அவகாசம் தருகிறது. பாடங்களை இணையத்தில் நடத்த உதவும் மூடில் (Moodle) தளத்தில் 'கேள்வி-பதில்' வகை மன்றம் ஒன்று உண்டு. தன் பதிலை எழுதும்வரை மற்றவர்கள் எழுதியது மாணவருக்குத் தெரியாது. கெட்டிக்காரப் பிள்ளை சொன்னதையே எல்லாரும் திருப்பிச் சொல்லும் வழக்கத்தை இந்தச் சின்ன வசதி உடைத்துவிடும்.

அப்புறம் ஒலி. இதை ஏனோ பலரும் கண்டுகொள்வதில்லை. போனில் இருக்கும் குரல் பதிவு வசதி, நாவல் வகுப்புக்குக் கிடைத்த மிக நல்ல கருவிகளில் ஒன்று. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடியும் அதை இரண்டு விதமாக வாசித்துப் பதிவு செய்யட்டும்: ஒன்றில் அவள் கோபத்தோடு பேசுகிறாள், மற்றதில் களைப்போடு. இரண்டையும் போட்டுக் கேட்டுவிட்டு, எது நாவலுக்குப் பொருந்துகிறது, எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேளுங்கள். எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது என்று முடிவு செய்யும்போதே அவர்கள் பிரதிக்கு விளக்கம் சொல்லிவிடுகிறார்கள். 'கதாபாத்திரத்தின் மனநிலையை விவரி' என்று கேட்டால் நாலு வரிக்கு மேல் எழுதாதவர்கள், ஒரு "ம்" எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்காகக் கால் மணி நேரம் சண்டை போடுவார்கள்.

வட்டார வழக்கில் எழுதப்பட்ட நாவல்களுக்கு ஒலி இன்னும் அவசியம். பக்கத்தில் புரியாத பேச்சு காதில் விழுந்ததும் புரிந்துவிடும். அந்த வழக்கு பேசத் தெரிந்த யாராவது நான்கைந்து பக்கம் வாசித்துப் பதிவு செய்து தந்தால் போதும், மீதியை அந்தக் குரலிலேயே பிள்ளைகள் மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். மெதுவாக வாசிப்பவர்கள் ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே கண்ணால் பக்கத்தைத் தொடரலாம். அதை ஏமாற்று என்று நினைக்கத் தேவையில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேலைக்கு வருகிறேன். அதற்கும் விரிதாள்தான். நாவல் பாதி முடிந்ததும், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இரண்டு எண்களை நிரப்பச் சொல்லுங்கள்: அது எத்தனை பக்கம், கதைக்குள் எவ்வளவு காலம் அதில் கழிகிறது. பிறகு வரைபடமாகப் போடுங்கள். மூன்று வருடம் ஒரே பத்தியில் பறந்துபோயிருக்கும், ஒரு மாலைப்பொழுது முப்பது பக்கம் நின்றிருக்கும். ஜெரார் ஜெனெத் என்ற பிரெஞ்சு அறிஞர் 1972-ல் கதைசொல்லலின் இந்தக் கால அளவைப் பற்றி விரிவாக எழுதினார். கோட்பாட்டின் பெயரெல்லாம் பிள்ளைகளுக்கு வேண்டாம், வரைபடமே பேசிவிடும். அந்த மாலையில் அப்படி என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை, இரண்டு பேர் உட்கார்ந்து பேசினார்கள். அப்படியானால் ஆசிரியர் ஏன் அங்கே நிற்கிறார்? அந்த மூன்று வருடத்தில் எதை நம்மிடம் மறைத்தார்? காலத்தைக் கணக்கிட அவர்கள் "மறுநாள்", "அந்த வருட மழைக்குப் பிறகு" போன்ற குறிப்புகளைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுவார்கள். சில இடங்களில் கணக்கு இடிக்கும், ஆளுக்கு ஓர் எண் சொல்வார்கள். இடிக்கட்டும், அந்த விவாதத்திலும் புத்தகம் திறந்தேதான் இருக்கும்.

மின்பிரதி கையில் இருந்தால் சொல்தேடல் செய்து பார்க்கலாம். ஒரு பொருள், ஒரு நிறம், ஓர் ஆளின் பெயர் நாவலில் எங்கெங்கே வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பார்ப்பது. வோயன்ட் போன்ற இலவசத் தளங்கள் இதைக் கோடாகவும் வரைந்து காட்டும். தமிழ் நாவல் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேற்றுமை உருபுகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை ஏமாற்றும். 'முருகன்' என்று தேடினால் 'முருகனை', 'முருகனுக்கு' எல்லாம் விட்டுப்போகும். 'முருக' என்று மட்டும் தேடுங்கள். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' வராது, 'வீட்' என்றும் தனியாகத் தேட வேண்டும். சொற்களை எண்ணித் தரும் தளம் இவற்றையெல்லாம் வேறு வேறு சொல்லாகவே எண்ணும். பழைய எழுத்துருவில் உள்ள பிடிஎஃப் என்றால் தேடலே வேலை செய்யாது. யூனிகோடில் இருக்கிறதா என்று ஒரு வரியை நகலெடுத்து ஒட்டி முதலிலேயே சோதித்துவிடுங்கள். நான் இதை ஒரு நாவலுக்கு ஒரு தடவைக்கு மேல் செய்வதில்லை. எண்ணிக்கை கையில் வந்ததும் யோசிப்பதை நிறுத்திவிடும் ஆபத்து இதில் உண்டு.

வரைபடத் தளங்களில் கதையின் பயணத்தைக் குறிப்பது, பயணம் கதையில் உண்மையிலேயே முக்கியமாக இருந்தால் பயன்படும். இல்லாவிட்டால் வெறும் புள்ளி வைக்கும் வேலை. மெய்நிகர்க் கண்ணாடி (விஆர்) விஷயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. ஆசிரியர் சொல்லால் கட்டிய வீட்டை வாசகர் மனதில் கட்டிக்கொள்வதற்கு முன்பே படமாகக் காட்டிவிடுகிறது அது. திரைப்படமாக வந்த நாவல் என்றால், காட்சியைப் படித்து முடித்த பிறகு நான்கைந்து நிமிடம் போட்டுக் காட்டி, எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கலாம். முழுப் படமும் வேண்டாம்.

கஹூட் போன்ற வினாடி வினாக்களைப் பற்றிப் பலர் கேட்பார்கள். வகுப்பு உற்சாகமாகிவிடும், மறுக்கவில்லை. இலக்கிய வாசிப்பை ஆராய்ந்த லூயிஸ் ரோசன்பிளாட் என்ற அமெரிக்க அறிஞர் 1978-ல் வெளிவந்த நூலில் இரண்டு விதமான வாசிப்பைப் பிரித்துக் காட்டினார்: தகவலை எடுத்துக்கொண்டு போவதற்காக வாசிப்பது, வாசிக்கும் அந்த நேரத்து அனுபவத்துக்காக வாசிப்பது. கதாநாயகியின் தம்பி பெயர் என்ன, நான்கு விநாடிக்குள் அமுக்கு என்று கேட்கும் விளையாட்டு முதல் வகையையே பழக்குகிறது. அடுத்த அத்தியாயத்தைப் பெயர்களுக்காகவும் தேதிகளுக்காகவும் மேய்வார்கள். அதே கருவியில் வாக்கெடுப்பு நடத்துங்கள். அத்தியாயத்தின் நடுவில் நிறுத்தி, "அவள் அந்தக் கடிதத்தைப் பிரிக்க வேண்டுமா, கூடாதா?" என்று பெயர் தெரியாமல் வாக்குப் போடச் சொல்லுங்கள். நாவல் முடிந்ததும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டு, இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். மனம் மாறியவர்கள் எந்தப் பக்கத்தில் மாறினார்கள் என்று சொல்லட்டும்.

கதாபாத்திரங்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வது போல எழுதச் சொல்வது இப்போது பிரபலம். பெரும்பாலும் வெறும் கிண்டலில் முடியும். இரண்டு நிபந்தனை போட்டால் தேறும். ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே, எந்தப் பக்கத்தை வைத்து இதை எழுதினேன் என்று எண் போட வேண்டும். கூடவே, டைப் செய்துவிட்டு அனுப்பாமல் அழித்த ஒரு செய்தியையாவது காட்ட வேண்டும். அந்த அழித்த செய்தியில்தான் பிள்ளைகள் கதாபாத்திரத்தை எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பது தெரியும்.

செயற்கை நுண்ணறிவுச் சாட்பாட்டை விட்டுவிட முடியாது, கதைச்சுருக்கம் இப்போது அங்கிருந்துதான் வருகிறது. தடை போட்டுப் பயனில்லை. அதிகம் பேசப்படாத நாவல் என்றால் அது நடக்காத காட்சியையும் இல்லாத ஆளையும் துணிந்து சொல்லும். அதையே பாடமாக்கலாம். அது தந்த சுருக்கத்தை அச்சிட்டுக் கொடுத்து, தவறுகளைப் பக்க எண்ணோடு பிடிக்கச் சொல்லுங்கள். தவறு இல்லாத சுருக்கம் வந்துவிட்டால் இன்னும் நல்ல கேள்வி கிடைக்கிறது: எல்லாம் சரியாக இருந்தும் இதில் எது விட்டுப்போயிற்று? ஆனால் 'கதாபாத்திரத்தோடு உரையாடுங்கள்' என்ற வகைச் சாட்பாட்டுகள் எனக்குப் பிடிக்காது. நாவலில் நூறு பக்கம் மௌனமாக இருந்த ஒருத்தி, கேட்ட கேள்விக்கெல்லாம் மூன்று பத்தி பதில் சொன்னால் அவள் வேறு யாரோ.

திரையில் வாசிப்பதா, தாளிலா என்பதற்கும் ஒரு வார்த்தை. 2018-ல் டெல்காடோவும் சக ஆய்வாளர்களும் 2000 முதல் 2017 வரையிலான 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, புரிதலில் தாள் ஓரளவு முந்தியது. ஆனால் அந்த வித்தியாசம் தகவல் கட்டுரைகளில்தான் தெரிந்தது, கதைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வுகளில் தெரியவில்லை. அதனால் திரையில் நாவல் படித்தால் மண்டையில் ஏறாது என்று பயப்பட வேண்டாம். இருந்தாலும் என் விருப்பம் அச்சுப் புத்தகம்தான், காரணம் எளிது: போனில் படிக்கும்போது மேலே வந்து விழும் அறிவிப்புகள். பார்வைக் குறைபாடோ வாசிப்புச் சிரமமோ உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் மின்நூலை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கவும் வரி இடைவெளியை அகலமாக்கவும் முடிவது அவர்களுக்குப் பெரிய உதவி.

மதிப்பெண் விஷயம் கடைசியாக. ஓரக்குறிப்புகளுக்கு ஒவ்வொன்றாக மதிப்பெண் போடத் தொடங்கினால், பிள்ளைகள் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் எழுதத் தொடங்கிவிடுவார்கள். எழுதியிருக்கிறாரா, இல்லையா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாவல் முடிந்ததும் ஒவ்வொருவரும் தன் குறிப்புகளில் இருந்து மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்: சரியாகப் போன ஓர் ஊகம், தவறிப்போன ஓர் ஊகம், இன்னும் விடை கிடைக்காத ஒரு கேள்வி. அவற்றைப் பற்றி வகுப்பிலேயே, கையால், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். குறிப்புகள் அவர்களுடையவை என்பதால் சாட்பாட்டிடம் கேட்டு வாங்குவது கடினம். அடுத்த வருடமும் இதே நாவல் என்றால் பெயர்களை நீக்கிவிட்டு அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். புது வகுப்பு ஓர் அத்தியாயத்தை முடித்த பிறகு, போன வருடத்தவர்கள் அங்கே எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று காட்ட உதவும்.